பின்னால் ‘எஸ்’ எழுத்து, உள்ளே என்ன? ஒரு பாக்ஸ்டரின் ஒரு வாரம்

ஜூலை 6, 2025, ஞாயிறு. பெரம்பூர்

2008 போர்ஷே பாக்ஸ்டர், வெள்ளி நிறம், மேனுவல் கியர், மீட்டரில் 41,300 கி.மீ. விளம்பரத்தில் ‘பாக்ஸ்டர் எஸ், ஃபுல் ஆப்ஷன்’. எஸ் என்றால் பெரிய எஞ்சின், விலையும் கூட; வாங்கும் முன் அது உண்மையா என்று பார்க்க வேண்டும். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உறை போட்டு நிற்கிறது.

முதல் நாள் வண்டியைத் தொடவில்லை, ஆர்.சி. மட்டும். மாடல் கட்டத்தில் வெறும் ‘பாக்ஸ்டர்’. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, யார் எப்படித் தட்டினார்களோ. கண் போகவேண்டிய இடம் சி.சி. அந்த வருஷத்து சாதா பாக்ஸ்டர் 2,687 சி.சி., எஸ் என்றால் 3,387. 2005, 2006 எஸ் 3,179. 2009 முதல் 2012 வரை சாதா 2,893, எஸ் 3,436. இந்த ஆர்.சி.யில் 2,687.

விற்பவரின் பதில் தயாராக இருந்தது: “ஆபீஸ்ல தப்பா ஏத்திட்டாங்க சார்.” ஏற்றியிருக்கவும் கூடும். அதனால்தான் இரும்பில் வெட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

சேசிஸ் நம்பர் 17 எழுத்து. 7, 8-ஆம் இடங்களில் 98, 12-இல் 7, சேர்த்துப் படித்தால் 987, இந்தத் தலைமுறை பாக்ஸ்டருக்குக் கம்பெனி வைத்த எண். 10-ஆம் இடத்தில் 8, அதாவது 2008 மாடல் வருஷம். தயாரிப்பு மாதம் 2007 பிற்பாதி என்று ஆர்.சி. சொன்னால் பதற வேண்டாம், மாடல் வருஷம் முன்கூட்டியே தொடங்கிவிடும். 11-இல் யூ, பின்லாந்தின் ஊசிகௌபுங்கி ஆலை. 13-ஆம் இடத்து எண் சாதாவுக்கு ஒன்று, எஸ்-க்கு வேறு. இங்கே சாதாவின் எண்.

இதே நம்பரை முன் கண்ணாடியின் அடியில் உள்ள தகட்டிலும், முன் டிக்கியில் பேட்டரி பக்கம் பாடியில் வெட்டியிருக்கும் இடத்திலும் படிக்க வேண்டும். டார்ச்சை நேராக அடித்தால் எதுவும் தெரியாது. சாய்த்து அடித்தால்தான் கிரைண்டர் ஓடிய தடமும் மேல்பூச்சும் எழும்பி நிற்கும். இதில் சுத்தம்.

அடுத்தது ஸ்டிக்கர். முன் டிக்கி மூடியின் உள்பக்கம் ஒன்று, சர்வீஸ் புத்தகத்தில் ஒன்று. சேசிஸ் நம்பர், எஞ்சின் வகை, பெயின்ட், பிறகு வரிசையாக மூன்றிலக்க ஆப்ஷன் எண்கள். 475 அட்ஜஸ்ட் ஆகும் சஸ்பென்ஷன். 640 ஸ்போர்ட் க்ரோனோ, அதாவது டேஷ்போர்டில் கடிகாரமும் ‘ஸ்போர்ட்’ பொத்தானும் சேர்ந்தது. 680 போஸ் ஸ்பீக்கர். 450 செராமிக் பிரேக். மூடியில் ஸ்டிக்கரே இல்லையென்றால் மூடி மாறியிருக்கலாம், அதாவது முன்பக்கம் எங்கோ இடித்திருக்கலாம்.

இந்த வண்டியில் இரண்டு ஸ்டிக்கரும் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. 680 உண்டு. 475, 640 இல்லை. ஆனால் டேஷ்போர்டு நடுவில் க்ரோனோ கடிகாரம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது! ‘ஸ்போர்ட்’ பொத்தானைத் தேடினால் கிடையாது. கடிகாரம் மட்டும் தனியாக வாங்கி மாட்டியது.

ஜூலை 9, புதன். வியாசர்பாடி, ரேம்ப்

எஞ்சின் நம்பர் கிரான்க்கேஸின் அடிப்பகுதியில், ஆயில் சம்ப் பக்கம். எண்ணெய்ப் பிசுக்கை டீசல் துணியால் துடைத்தால் எம்97/20. எஸ்-க்கு எம்97/21 வரவேண்டும். ஆர்.சி.யோடு இலக்கம் இலக்கமாகப் பொருந்துகிறது, எஞ்சின் மாறவில்லை.

பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் சிவப்பு. எஸ்-க்குத்தான் சிவப்பு, சாதாவுக்குக் கறுப்பு. பிரேக் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளின் தலையிலும் சிவப்பு அப்பியிருந்தது, கம்பெனிப் பெயின்ட் அங்கே வராது. ஓரத்தில் நகத்தால் சுரண்டியதும் சிவப்பு செதிலாக உரிந்து உள்ளே கறுப்பு. சந்தேகமே வேண்டாம் என்று முன் டிஸ்க்கின் குறுக்கே டேப் பிடித்தோம்: 29.8 செ.மீ. எஸ் டிஸ்க் 31.8.

சைலன்சர் நுனியும் அப்படியே. எஸ்-க்கு இரட்டை உருண்டைக் குழாய், சாதாவுக்கு ஒற்றை நீள்வட்டம். இங்கே இரட்டை பளபளக்கிறது, அதைப் பிடிக்கும் கிளாம்ப்போ துருவேறிப்போய் நிற்கிறது. கியர் 5. ஆனால் 6 இருந்தாலே எஸ் என்று முடிவுகட்டக் கூடாது, சாதாவையும் 6 கியரோடு ஆர்டர் செய்ய முடிந்தது.

ஜூலை 10, வியாழன்

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர். எஞ்சின் ஓடியது 1,870 மணி. 41,300-ஐ வகுத்தால் மணிக்கு 22 கி.மீ., சென்னை நெரிசலுக்குப் பொருந்தும். இதே மீட்டருக்கு 3,500 மணி காட்டியிருந்தால் 12-க்குக் கீழே போயிருக்கும், மீட்டரில் கை வைத்திருப்பார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஓவர்-ரெவ் கணக்கு, அதாவது எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றிய கணக்கு, 1 முதல் 6 வரை. முதல் இரண்டில் எண்கள் இருந்தால் பரவாயில்லை, சுற்று வேகத்துக்குக் கம்பெனி வைத்த எல்லை (லிமிட்டர்) வரை மிதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 4 முதல் மேலே ஏதாவது இருந்தால், வேகத்தில் கியர் ஐந்திலிருந்து நான்குக்குப் பதில் இரண்டில் விழுந்திருக்கிறது. இதில் 3 முதல் எல்லாம் பூஜ்யம்.

ஆயில் ஃபில்டரையும் கழற்றி மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தோம். இந்த வருஷ எஞ்சினில், உள்ளே சுழலும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற தண்டைத் தாங்கும் பேரிங் பெரிய ரகம், அதிகம் தொல்லை தராது. ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. ஆகவே பேரிங் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் தூள் இருக்கிறதா என்று இப்போதே தெரியவேண்டும். இல்லை.

ஜூலை 12, சனி

பாக்கி தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வடசென்னையில் எந்தெந்தத் தெருவில் எத்தனை நாள் நின்றது என்று ஊருக்கே தெரியும், வண்டி அப்போது எங்கே நின்றது என்பதுதான் கேள்வி. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக்கோடு இல்லை. சீட்டுக்கடிக் கம்பளத்தின் ஃபோம் காய்ந்திருக்கிறது. கூரைத் துணியின் வடிகால் துளையில் மட்டும் வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது, எடுத்தாயிற்று. அதை விட்டால் அடுத்த மழைக்கு சீட்டுக்கடி எலக்ட்ரானிக்ஸ் நனையும்.

ஆக, வண்டி ஒழுங்கான சாதா 2.7. எஸ் இல்லை. ஸ்டிக்கரின் படமும், 29.8 காட்டும் டேப்பின் படமும் விற்பவருக்குப் போய்விட்டன. 2.7-க்குரிய விலைக்கு இறங்கினால் பெயர் மாற்றும் ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து. பின்பக்க ‘எஸ்’ஸை ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கினால் நூலால் அறுத்துவிடலாம்.