கிராஸ் மட்டும் மாற்றினால் போதாது

சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறைகளில் யூஜே கிராஸ் மாற்றுவதைச் சின்ன வேலையாகத்தான் நினைக்கிறார்கள். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டை, சாய்விலும் சுழல விடும் கூட்டல் குறி வடிவ இணைப்புதான் அது. பழசைத் தட்டி எடு, புதுசைப் போடு, கிரீஸ் அடி, வண்டியை அனுப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு நின்றுபோன வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. “புது கிராஸ்ண்ணே, ஒரு மாசம்கூட ஓடல” என்றார் டிரைவர். காலி வண்டியில் அறுபதைத் தாண்டினால் அடியில் நடுங்குமா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

கிராஸைத் துடைத்துப் பார்த்தோம். ஊசி பேரிங் உட்காரும் இடத்தில் கோடு கோடாகப் பள்ளம், அதைச் சுற்றித் துரு நிறத்தில் பொடி. அப்புறம் ஷாஃப்ட்டைப் பார்த்தால், ஸ்லிப் யோக்கில் (கிராஸைப் பிடிக்கும், முன்னும் பின்னும் நகரும் கவை) இருந்த அம்புக்குறியும் ஷாஃப்ட்டின் டியூபில் இருந்ததும் நேராக இல்லை. முன்பு கழற்றியவர்கள் ஸ்ப்ளைனில், அதாவது இரண்டும் கோத்துக்கொள்ளும் பல் வரிசையில், பல் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். சாய்வில் சுழலும் கிராஸ், ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அதை மறுமுனைக் கிராஸ் சரிக்கட்ட வேண்டும். யோக்குகள் நேர் தப்பினால் சரிக்கட்டாது. அந்த நடுக்கம் கிராஸின் பேரிங், ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர், பின் ஆக்சிலின் பினியன் பல்சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் தின்னும்.

போதாததற்கு அந்த டியூபை யாரோ நடுவில் வெட்டி, கண்ணளவில் வெல்டிங் வைத்திருந்தார்கள். எஞ்சின் தரும் 800 நியூட்டன் மீட்டர் முறுக்கு, 9 விகித முதல் கியரில் ஏறும்போது ஷாஃப்ட்டுக்கு 7200 ஆகப் போகிறது. அதைத் தாங்குவது இந்த ஒட்டா? டியூபை மாற்றி, லேத்தில் சுழற்றிக் கோணல் இருக்கிறதா என்று பார்த்து, பாலன்சிங் செய்த பிறகுதான் பூட்டினோம். போல்டுகளும் புதுசு. கிரீஸ், கிராஸின் நான்கு முனைகளை மூடும் நான்கு கப்பிலும் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். ஒன்றில் வராவிட்டால் அந்தக் கப் காய்ந்தே ஓடும்.

செலவு கூடும்தான். ஆனால் ஓடும்போது முன்முனை கழன்றால் ஷாஃப்ட் ரோட்டில் ஊன்றும், சுழன்று பிரேக்கின் காற்றுக் குழாயையும் அறுக்கும். இறக்கமாக இருந்தால் எஞ்சின் பிடிப்பும் அந்த நொடியே போய்விடும். ஷாஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு வளையம் இதற்காகத்தான். பல வண்டிகளில் அதைக் கழற்றி ஓரமாகப் போட்டிருக்கிறார்கள். அதைத் திரும்பப் பூட்டாமல் எந்த வண்டியையும் நாங்கள் வெளியே விடுவதில்லை.