கோடிட்ட இடத்துக்கு முந்தைய சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத் தேர்வில் கோடிட்ட இடத்தில் ப்ரெபொசிஷனை (இன், ஆன், டு போன்ற சிறு சொல்லை) நிரப்பும் கேள்வி வந்ததும் பலரும் வாக்கியத்தைத் தமிழில் நினைத்து, வேற்றுமை உருபுக்கு ஈடு தேடுகிறார்கள். 'இல்' என்றால் 'இன்', 'ஓடு' என்றால் 'வித்', 'கு' என்றால் 'டு'. பாதி இடங்களில் விடை சரியாகவும் வந்துவிடும். அதனால்தான் பழக்கம் போவதில்லை. மீதி இடங்களில் 'மேரீட் வித்', 'குட் இன் மேத்ஸ்' என்று எழுதி மதிப்பெண் போகும். 'மேரீட் டு', 'குட் அட்' என்பவையே சரி.

கோடிட்ட இடத்துக்கு முன்னால் வினையோ பெயரடையோ இருந்தால் பெரும்பாலும் விடை அதைப் பொறுத்ததே: டிபென்ட் ஆன், அஃப்ரெய்ட் ஆஃப், இன்ட்ரஸ்டட் இன். சீனியர், ஜூனியர், சுபீரியர் மூன்றுக்கும் 'டு' வரும், 'தன்' வராது. இவற்றைத் தனிச் சொல்லாக எழுதிப் படிப்பது வீண். குறிப்பேட்டில் ஏறும்போதே ஜோடியாக ஏறட்டும்.

அதிகம் சறுக்குவது ப்ரெபொசிஷன் எதுவுமே தேவைப்படாத வினைகளில். 'டிஸ்கஸ் அபௌட்', 'ரீச் டு', 'டிஸ்க்ரைப் அபௌட்' எல்லாம் பிழை. காரணம் இருக்கிறது: பெயர்ச்சொல்லாக வரும்போது 'எ டிஸ்கஷன் அபௌட்' சரிதான், அதை அப்படியே வினைக்கும் ஒட்டிவிடுகிறோம். 'என்டர்' கொஞ்சம் தந்திரக்காரன். அறைக்குள் நுழைந்தால் 'என்டர் த ரூம்'. ஒப்பந்தம் செய்துகொண்டால் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்'. 'எக்ஸ்ப்ளெயின்' 'டிஸ்கஸ்' போன்றவற்றுக்கு நேர்மாறு: 'எக்ஸ்ப்ளெயின் மீ' தவறு, 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ' சரி.

நேரத்துக்கான விதி எளிது. மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. 'இன் த மார்னிங்' என்றாலும், கிழமை சேர்ந்துவிட்டால் 'ஆன் மன்டே மார்னிங்'. முன்னால் நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி வந்தால் எதுவும் வேண்டாம்.

'உள்' என்பதில் மட்டும் நிதானம் தேவை. 'திங்கட்கிழமைக்குள்' கெடு, ஆகவே 'பை மன்டே'. 'இரண்டு மணி நேரத்துக்குள்' கால அளவு, ஆகவே 'விதின் டூ அவர்ஸ்'. 'திங்கட்கிழமை வரை இரு' என்றால் 'அன்டில் மன்டே'.

கடிதம் எழுதும் கேள்வியில் 'லுக் ஃபார்வர்ட் டு' வரும். இங்கே 'டு' ப்ரெபொசிஷன், இன்ஃபினிடிவின் 'டு' ('டு கோ' என்பதுபோல் வினையின் மூல வடிவத்துக்கு முன் வருவது) அல்ல. அதனால் 'டு மீட்' கூடாது. 'டு மீட்டிங் யூ' என்றே முடியவேண்டும்.