வளையில் தூக்கிய வெங்காயம்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமிய வங்கியில் 16 ஆண்டுகளாக வைப்புப் பிரிவில் இருக்கிறேன். நிலையான வைப்பை முதிர்வுக்கு முன் உடைக்க வருபவர்களைக் கண்டால், பொறுக்கத் தெரியாதவர்கள் என்று முன்பெல்லாம் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிடுவேன்.

அன்று வந்தவர் ஒரு தோட்டக்கார அம்மா. ஓராண்டு வைப்பு; முதிர ஐந்து வாரம்தான் இருந்தது. வட்டியில் எவ்வளவு போகும் என்று எழுதிக் காட்டினேன். அவர் அந்தத் தாளைப் பார்க்கவேயில்லை. நகக்கண்களில் செம்மண் காய்ந்திருந்தது.

“போகட்டும் பிள்ளை, இருப்பதைத் தாரும்.”

அவசரச் செலவு ஏதாவது உண்டா என்றேன். ஒன்றுமில்லையாம். பிறகு அவராகவே சொன்னார். 1995 ஐப்பசி. விதைக்கென்று வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலின் கூரை வளையில் தூக்கியிருந்தார்கள். மழை விட்டதும் நட வேண்டும். விற்கச் சொல்லி வியாபாரி வந்து கேட்டும் கொடுக்கவில்லை. அக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதால், ஊரே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பியபோது வெங்காயம் மட்டுமல்ல, கொட்டிலே இல்லை.

சிறுவர்களின் பொறுமையை அளந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013இல் வெளியானது. காத்திருந்தால் இரண்டு இனிப்பு, இல்லையேல் ஒன்று. அதற்கு முன்பே சில பிள்ளைகளுக்கு நல்ல வண்ணப் பென்சில் தருவதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தார்கள். அவர்கள் சராசரியாக மூன்று நிமிடமே பொறுத்தார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார்கள். அதை வாசித்தபோது எனக்கு அந்த அம்மாவின் நகங்கள்தான் நினைவுக்கு வந்தன. எத்தனை பேரை நான் பிழையாக எடைபோட்டிருக்கிறேன்!

ஆனால் பட்ட அனுபவம் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றும் சொல்லமாட்டேன். அவருடைய தங்கையும் எங்கள் வாடிக்கையாளர். அதே வீடு, அதே இரவு, அதே பாலம். அவருடைய ஐந்தாண்டு வைப்பு இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. “போனது போய்விட்டது; இதையும் ஏன் விடவேண்டும்?” என்பார். இன்று வரும் ஆயிரத்துக்கும் நாளை வரும் இரண்டாயிரத்துக்கும் நடுவே ஒவ்வொருவர் மனமும் வேறு வேறு இடத்தில் கோடு கிழிக்கிறது. ஒரே தாயின் பிள்ளைகளிடமும் அப்படித்தான்.

மூத்தவருக்கு இப்போது மூன்று மாத வைப்பையே எழுதிக் கொடுக்கிறேன். வட்டி குறைவுதான். தவணை முடியும் நாளில் காலையிலேயே வந்துவிடுவார். முழுத் தொகையையும் கையில் வாங்கி, வாங்கில் உட்கார்ந்து இரண்டு முறை எண்ணுவார். வட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு, முதலை மீண்டும் என்னிடம் நீட்டுவார்.