காக்காய்க்கடிக் கணக்கு

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அப்படியே என் தம்பிக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம். அதைப் பங்கு பிரிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. சட்டை நுனியால் மிட்டாயை மூடி, கடைவாயில் வைத்து ஒரே கடி. எச்சில் படாத காக்காய்க்கடியாம்! துணியை விலக்கினால் பெரிய துண்டு அவன் பக்கம். எனக்குத் தூளும், பாகில் ஒட்டிய நூலும். "சின்னப்பிள்ளைதானே, விட்டுக்கொடு" என்பார் அம்மா. (அந்தச் சின்னப்பிள்ளைக்கு மீசை நரைத்துவிட்டது. சலுகை மட்டும் தொடர்கிறது.)

வாடகை சைக்கிளிலும் இதே கதைதான். காசு என் உண்டியலிலிருந்து. நான் குரங்குப் பெடல் போட்டுத் தெருமுனையைத் தொடுவதற்குள், "அக்கா, நேரம் முடிந்துவிட்டது" என்று பின்னாலேயே ஓடிவருவான். இத்தனைக்கும் அவனுக்கு அப்போது கடிகாரம் பார்க்கவே தெரியாது.

ஆனால் தெருவில் எவனாவது என் சடையைப் பிடித்து இழுத்தால் முதல் கல் இவன் கையிலிருந்துதான் பறக்கும். குறி மட்டும் சரியிருக்காது. ஒருமுறை எதிர்வீட்டு ஓடு உடைந்தது. வீட்டுக்காரர் வந்து நின்றதும், "அக்காதான் எறியச் சொன்னாள்" என்று கண்ணீரோடு சாட்சி சொன்னான்.

இன்று வழக்கறிஞராக இருக்கிறான். வேறென்ன ஆகியிருப்பான்?