நைட் டூட்டி யார்?

அக்டோபர் 9

பார்க்கின்ஸன் (உடம்பு இறுகி, நடை தடுமாறும் நரம்பு நோய்) உள்ள பெரியம்மாவுக்கு முதியோர் இல்லம் தேடுகிறேன். யோகா ஹால், நடைபாதை, பிள்ளையார் கோயில், மினி தியேட்டர். எல்லா புரோஷரும் ஒரே அச்சு. கேட்க வேண்டியது நைட் டூட்டி. "ஆறு பேருக்கு ஒரு ஸ்டாஃப்" என்று சொன்னால் அந்தக் கணக்கில் சமையல்காரரும் வாட்ச்மேனும் சேர்ந்திருப்பார்கள். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை மாடிக்கு எத்தனை பேர், அதில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்த நர்ஸ் உண்டா, அவர் எந்த மாடியில் உட்கார்ந்திருப்பார் என்று தனித்தனியாகக் கேட்கணும். டூட்டி ரோஸ்டரைக் கண்ணால் பார்க்கணும். போன வாரத்து ரோஸ்டர். நாளைய ரோஸ்டரை யார் வேண்டுமானாலும் அழகாக எழுதலாம்.

இன்னொன்றை மேனேஜரிடம் கேட்கக் கூடாது, கேர்டேக்கர் பெண்ணிடமே கேட்கணும்: ராத்திரி இரண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி, சுகர் 60 காட்டினால் என்ன செய்வீங்க? "டாக்டருக்கு போன் பண்ணுவோம்" என்பது பாதி பதில்தான். நினைவு இருந்தால் முதலில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்கணும், அப்புறம் போன். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

அக்டோபர் 11

மழை.

அக்டோபர் 12

அறைக் கதவு 90 செ.மீ., பாத்ரூம் கதவு 68. எங்கே டேப் பிடித்தாலும் இதே லட்சணம். வீல்சேரைத் தள்ளும் கையும் சேர்த்து 80-ஆவது வேண்டும். கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால் யாராலும் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கணும், அல்லது ஸ்லைடிங். தாழ்ப்பாள் வெளியிலிருந்து காசு வைத்துத் திருகினால் திறக்கிற வகை இருக்கிறது, விலையும் பெரிதில்லை.

கைப்பிடி என்று காட்டியது டவல் ராடு. இழுத்துப் பார்த்தால் டைல்ஸோடு ஆடுகிறது.

பார்க்கின்ஸனுக்கு நிலைப்படியே எதிரி. குறுகலான வாசலைக் கண்டதும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். அப்படி நின்றுபோக அரை அங்குல கல் படி போதும். தரையில் குறுக்காகப் பளிச்சென்ற டேப் ஒட்டி, அதைத் தாண்டச் சொன்னால் சிலருக்குக் கால் எழும். இதைச் சொன்னால் "டைல்ஸ் கெட்டுடும் மேடம்" என்கிறார்கள்.

அக்டோபர் 15

காசுக் கணக்கு. மூன்று வகை: வீட்டை விலைக்கு வாங்குவது, பெரிய டெபாசிட் கட்டி இருப்பது, மாத வாடகை. வாங்கினால் பத்திரத்தில் வருவது சுவரும் யு.டி.எஸ்.ஸும் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) மட்டும்தான். சாப்பாடு, நர்ஸ், துணி துவைப்பது எல்லாம் தனி சர்வீஸ் அக்ரிமென்ட், பல இடங்களில் வேறொரு கம்பெனியோடு. அந்தக் கம்பெனி விலகினால் வீடு இருக்கும், சமையல்காரர் இருக்க மாட்டார். எண்பதுக்கு மேல், ஏற்கெனவே ஆள் துணை தேவைப்படும்போது வாங்குவதில் அர்த்தமே இல்லை. அது அறுபத்திரண்டில் நடந்து வந்து சேர்கிறவர்களுக்கு.

மாத பில்லில் ஒளிந்திருப்பவை: கேர் லெவல் (முதல் மாதம் "லெவல் ஒன்று", மதிப்பீட்டுக்குப் பிறகு இரண்டு), டயப்பர் ஒரு நாளைக்கு நான்கு என்றால் மாதம் 120, கையுறை, பிசியோ, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறவருக்கு ஒவ்வொரு முறையும். மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அரசோ பதிவான தர்ம ஸ்தாபனமோ நடத்தும் இல்லத்தில், அறுபது கடந்தவருக்குத் தங்கலும் சாப்பாடும் பராமரிப்பும் சேர்த்து மாதம் 25,000 வரை என்றால் வரி கிடையாது. தனியார் கம்பெனிக்கு அது பொருந்தாது.

அக்டோபர் 16

ஒப்பந்தத்தில், டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்ற இடத்தில் "உரிய நேரத்தில்".

அக்டோபர் 19

மாத்திரை. இரண்டு நாளாக இதே யோசனைதான்.

லெவோடோபா, அதாவது பார்க்கின்ஸன் மாத்திரை, காலை 8, மதியம் 12, மாலை 4, இரவு 8. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பருப்பு, தயிர், முட்டை எதுவானாலும் அதிலுள்ள புரதம் மருந்தோடு போட்டி போடும், மருந்து சரியாக ஏறாது. ஆனால் இல்லங்களில் மாத்திரை ட்ரே சாப்பாட்டு ட்ராலியோடுதான் வரும். எட்டரைக்கு இட்லி சாம்பார், அதோடு எல்லா மாத்திரையும் ஒரே கப்பில். ஒரு மணி நேரம் தள்ளினாலே உடம்பு இறுகும், கட்டிலிலிருந்து எழ வராது. சார்ட்டில் எழுதுவது: "ஒத்துழைக்கவில்லை".

வாந்தி என்றால் கை தானாக மெட்டோகுளோபிரமைடு ஊசிக்குப் போகும். பார்க்கின்ஸனுக்கு அது ஆகாது, இறுக்கம் கூடும். இரவில் கத்தினால் ஹாலோபெரிடால் போடுவார்கள், அதுவும் ஆகாது. இந்த இரண்டு பெயரையும் சிவப்பு மையில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்திலும் கட்டில் தலைமாட்டிலும் ஒட்டணும். டூட்டி டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார். காகிதம் மாறாது.

சார்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கணும். ஓரிடத்தில் மதியம் பன்னிரண்டுக்கே சாயங்கால நாலு மணிக் கட்டத்தில் டிக் போட்டிருந்தது. அந்த இடம் பட்டியலில் இல்லை இனி.

அக்டோபர் 21

நியாயமாகப் பார்த்தால் பெரியம்மா இப்போது இருக்கிற மாம்பலம் வீடும் தேறாது. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஏஜென்சி ஆயா வாரத்துக்கு ஒருவர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யாருமே கிடையாது. இல்லத்தின் பெரிய பலம் கவனிப்பின் தரம் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார், அதுதான். அப்புறம் சாப்பாட்டு மேஜை. தனியாக அரை இட்லியோடு எழுகிறவர்கள் நாலு பேரோடு உட்கார்ந்தால் இரண்டு சாப்பிடுகிறார்கள். எடை மெஷின் பொய் சொல்லாது.

பலவீனம் தூரம். வண்டலூர் தாண்டி இருக்கிற இடத்துக்கு, பெருங்களத்தூர் நெரிசலில், வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறையாகும். ஆள் வந்து பார்க்காத அறையில் கவனிப்பு இறங்கும். எல்லா இல்லத்திலும் அப்படித்தான்.

அக்டோபர் 23

விடாத மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம். 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம். அந்த இரண்டு மழையில் இல்லம் இருக்கிற தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று இல்லத்தில் கேட்காமல் எதிரே இருக்கிற மளிகைக் கடையில் கேட்கணும்.

ஜெனரேட்டர் பேஸ்மென்டில் இருந்தால் வெள்ளத்தில் முதலில் சாவது அதுதான். டீசல் எத்தனை மணி நேரத்துக்கு? லிஃப்ட் அதில் ஓடுமா? லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நீளவாக்கில் போகுமா? ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் கரண்ட் போனால் நிற்கும். பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம். நமக்கு இப்போது தேவையில்லை. இப்போது.

அக்டோபர் 26

ஒப்பந்தம், பக்கம் 7. "உடல்நிலை, நிறுவனம் அளிக்கும் பராமரிப்பின் எல்லையைக் கடந்தால்" முப்பது நாள் நோட்டீஸ். எல்லை எது என்று எங்கும் இல்லை. மூக்குக் குழாய் வைத்தால்? படுத்த படுக்கையானால், இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் போட ஆள் தருவார்களா? மறதி முற்றி ராத்திரி வெளியே நடந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று எழுதி வாங்கணும். சேர்க்கும்போது சிரித்துக்கொண்டே "கடைசி வரைக்கும் பாத்துக்குவோம்" என்கிறவர் இரண்டு வருஷம் கழித்து அங்கே வேலையில் இருக்க மாட்டார்.

2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க வழி தருகிறது, உச்சவரம்பு மாதம் 10,000. 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் முதியோர் குடியிருப்புகளுக்கு வழிகாட்டு விதிகள் போட்டது. பெயரே மாதிரி விதிகள். கையில் நிற்பது பக்கம் 7 மட்டும்.

அக்டோபர் 27

பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: "அங்க காபி எத்தனை மணிக்கு?" ஆறரைக்கு. இன்ஸ்டன்ட்.

அக்டோபர் 30

யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டாயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கு உயிர் போனால் படிவம் 4ஏ-யில் (மரணக் காரணச் சான்றிதழ்) யார் கையெழுத்துப் போடுவார்? பழக்கமான டாக்டர் வந்து எழுதினால் முடிந்தது. இல்லையென்றால் ஆம்புலன்சில் ஏற்றி எமர்ஜென்சிக்கு ஓடுவார்கள், அங்கே "வரும்போதே உயிரில்லை" என்று எழுதினால் போலீஸ், பிரேதப் பரிசோதனை வரை இழுக்கலாம். ஐஸ் பெட்டியை அறையில் வைக்க விடுவார்களா, மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று பின்வாசல் வழியாக எடுக்கச் சொல்வார்களா?

மேனேஜர் டீ சொல்லிவிட்டுப் போனவர்தான்.

நவம்பர் 1

லைஃப் சர்டிபிகேட். மத்திய அரசு பென்ஷனில் 80 ஆனவர்களுக்கு அக்டோபர் 1-லிருந்தே வாங்குகிறார்கள். விரல் ரேகை விழவில்லை என்றால் போனில் முகம் காட்டினால் போதும்.

நவம்பர் 3

ஒரு மாதம் சோதனைக்குத் தங்க வைப்பது என்று முடிவு. முதல் வாரத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. இடம் மாறினால் சாயங்காலமானதும் குழப்பம், "வீட்டுக்குப் போகணும்" என்பது வரும். கட்டிலில் இறங்கும் பக்கம் வீட்டில் இருந்த அதே பக்கம், அதே நைட் லாம்ப்.

முதல் நாளும் கடைசி நாளும் ஒரே மெஷினில் எடை. குதிகால், வால் எலும்பு மேல் தோல் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா. வெளுக்காத சிவப்பு என்றால் புண் தொடங்கிவிட்டது. பார்க்கப் போவது சனிக்கிழமை மதியம் அல்ல, ஞாயிறு இரவு எட்டரைக்கு, சொல்லாமல். ஒரு நாள் இரவு துணைக்குத் தங்கி இரண்டு மணிக்கு பெல்லை அழுத்திவிட்டு போனில் நேரம் பார்க்கணும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், இந்த இடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அது போதும்.

நவம்பர் 5

தரைத்தளத்தில் அறை இல்லையாம். அட்வான்ஸ் இன்றைக்கே கட்டினால் "பிளாக்" பண்ணி வைப்பார்களாம். பக்கம் 7-ஐத் திருத்தி அனுப்பச் சொன்ன மெயிலுக்குப் பதில் இன்னும் வரவில்லை.