உடம்பின் உப்புக் கணக்கு

பாம்பன் தொடங்கி வாலிநோக்கம் வரை கடலை நம்பியே பிழைக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கும்போது, செல்லின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லி நான் தொடங்குவதில்லை. நடுக்கடலில் குடிதண்ணீர் தீர்ந்துபோனவன், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் ஏன் தாகத்தில் தவித்துச் சாகிறான் என்று கேட்பேன். இதற்கு ஒழுங்காக விடை சொல்லப் புகுந்தால் செல் சவ்வு, இரத்தம், சிறுநீரகம், மூளை, குடல் என்று உடம்பில் பாதியைச் சுற்றி வந்துவிடலாம்.

மனித இரத்தத்தின் உப்புச் செறிவு, லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பைக் கரைத்த நீருக்குச் சமமானது. கடல் நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தை மூன்று கண்ணாடித் தகடுகளில் பிரித்து வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த வேறுபாட்டின் விளைவு கண்ணுக்கே தெரியும். 0.9 சதவீத உப்புக் கரைசலில் சிவப்பணுக்கள் நடுவில் குழிந்த வட்டத் தட்டுகளாக அப்படியே இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் ஊதிப் பெருத்து வெடித்துவிடும். கடல் நீரிலோ உள்ளிருக்கும் நீரை இழந்து சுருங்கி, விளிம்பெல்லாம் முள்முள்ளாகிப் போகும். உப்பு எளிதில் கடக்க முடியாத சவ்வை நீர் கடந்துவிடுகிறது என்பதும், செறிவு மிகுந்த பக்கம் நோக்கியே அது செல்கிறது என்பதும்தான் சவ்வூடு பரவல். நீர் கடப்பதற்கென்றே சவ்வில் அக்வாபோரின் எனும் புரத வாயில்கள் இருப்பதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரிக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சீலா மீனைக் கீறி உப்பைத் திணித்து அடுக்கி வைத்தால், மறுநாள் தொட்டியடியில் நீர் தேங்கி நிற்பதும் இதனால்தான். மீனின் செல்கள் மட்டுமல்ல, அதை அழுக வைக்க வந்த பாக்டீரியாக்களும் நீரை இழக்கின்றன. கருவாடு கெடாமல் இருக்கிறது.

செல்லுக்குள் பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. இந்த ஏற்பாடு தானாக நிலைப்பதில்லை. ஒழுகுகிற வள்ளத்தில் ஓயாமல் நீர் இறைப்பதைப் போல, சவ்விலுள்ள ஒரு புரதப் பம்பு மூன்று சோடியம் அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்தபடி, அதற்காகச் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. 1957இல் இதை வெளிப்படுத்திய யென்ஸ் ஸ்கோ நோபல் பரிசு பெற்றது 1997இல்தான்.

இனி சிறுநீரகம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிக் குழாய்கள், இருக்கின்றன. நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீர்மம் வடிகட்டப்பட்டாலும், ஒன்றரை லிட்டர் போல மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. மற்றதெல்லாம் மறுபடி இரத்தத்துக்கே வந்து சேர்கிறது. இரத்தத்தின் செறிவு சற்றே கூடினாலும் மூளையின் ஹைபோதலாமஸ் அதை உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின் கதுப்பிலிருந்து வாசோபிரஸ்ஸின் எனும் ஹார்மோன் சுரந்து, சிறுநீரகத்தில் நெஃப்ரான்களின் நீர்மம் வந்து சேரும் சேகரிப்பு நாளங்களின் சவ்வுகளில் அக்வாபோரின்கள் கூடுதலாக இடம்பெறுகின்றன. நீர் மீட்கப்பட்டு, சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகிறது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. சிறுநீரை அடர்த்தியாக்க உதவும் நெஃப்ரானின் பகுதியான ஹென்லே வளைவு எவ்வளவு முயன்றாலும் மனிதச் சிறுநீரின் செறிவு இரத்தத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் போவதில்லை. கடல் நீரின் செறிவும் ஏறத்தாழ அவ்வளவே. குடித்த உப்போடு அன்றாடம் உண்டாகும் யூரியா முதலிய கழிவுகளையும் வெளியேற்ற வேண்டியிருப்பதால், ஒரு லிட்டர் கடல் நீரைக் குடித்தவன் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சிறுநீரை இழக்கிறான். குறையும் அரை லிட்டர் அவனுடைய செல்களிலிருந்து போகிறது.

அப்படியானால் மீன் எப்படிப் பிழைக்கிறது என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார். சீலா போன்ற எலும்பு மீன்கள் கடல் நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றன. சுறாவும் திருக்கையும் வேறு வழியில் போகின்றன: நாம் கழிவென்று தள்ளும் யூரியாவை உடம்பிலேயே நிறைய வைத்துக்கொண்டு, தம் செறிவைக் கடலுக்கு ஈடாக்கிக்கொள்வதால் அவை நீரை இழப்பதில்லை. சுறாக் கருவாட்டின் நெடி மூக்கைத் துளைப்பதற்குக் காரணம், பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவதுதான். உயிரியலில் இதைவிட மணக்கும் பாடம் எனக்குத் தெரியாது.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளப் பாத்திகளில் வெயில் ஏறும்வரை உப்பு வாருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. வியர்வையில் உப்பு இரத்தத்தைவிடக் குறைவாகவே இருப்பதால், வியர்க்க வியர்க்க உடம்பில் உப்பின் செறிவு கூடிக்கொண்டே போகும். மறைவிடம் இல்லாத வெட்டவெளியில் சிறுநீர் கழிக்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் பெண்களின் சிறுநீரகங்கள், நாள் முழுவதும் அந்த எல்லையை ஒட்டியே வேலை செய்கின்றன. நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் அவர்களுக்கு வருவதை விதி என்று நான் ஏற்கமாட்டேன். பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை கட்டினால் பாதி தீரும்.

இழந்த நீரை ஈடுகட்ட வெறும் தண்ணீரைவிட, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே வயிற்றுப்போக்கின்போது உதவுகிறது. குடலின் உட்சுவர்ச் செல்களில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுக்கிறது; அவற்றின் பின்னால் நீரும் வருகிறது. 1960இல் ராபர்ட் கிரேன் முன்வைத்த இந்தக் கருத்தின் பலனை, 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனோபிஸ் நடைமுறையில் காட்டினார். படகுக்கு எடுத்துச் செல்லும் உப்புப் போட்ட கஞ்சியும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது, ஏனெனில் சோற்றின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது.

ஆனால் மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) பொட்டலத்தில் அளவு முக்கியம். ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்தால், அந்தக் கரைசல் இரத்தத்தைவிடச் செறிவு கூடியதாகி, குடற்சுவரிலிருந்தே நீரை இழுத்து, குழந்தையின் வயிற்றுப்போக்கை அதிகமாக்கிவிடும்.