அறுகம்பையில் கமராவும் கச்சான் காற்றும்

மட்டக்களப்பிலிருந்து, அறுகம்பை இருக்கிற பொத்துவில் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே இறங்கும் பாதை. இந்தமுறை நண்பனிடம் இரவல் வாங்கிய, தூரத்தைக் கிட்ட இழுக்கிற 70-300 லென்ஸ் மடியில் இருந்தது. போனமுறை கமராவோடு வந்த 18-55 லென்ஸை நம்பிப் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அலையெல்லாம் அழகாகத்தான் இருந்தது, ஆட்கள்தான் எறும்பளவு.

ஆடி மாதம், அலைச்சறுக்குக்காரர்கள் குவிகிற காலம். காலை ஆறரைக்கு, கரையில் இழுத்துவைத்த வள்ளங்களைத் தாண்டி, பெரிய அலை உடைகிற மெயின் பொயின்ட் பக்கம் நடந்தேன். பழகுகிறவர்கள் குடாவுக்குள் இருக்கும் பேபி பொயின்டில்தான் இறங்குவார்கள். நானும் பழகுகிறவன்தான், அங்கேயே நின்றிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

முதல் ஒரு மணிநேரம் கேவலம். ஷட்டர் வேகம் 1/250 செக்கனில் கிடந்ததைக் கவனிக்கவில்லை. கை இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ விழுந்தது. 1/1000க்கு ஏற்றினேன். அப்புறம் ஃபோகஸ் சண்டை. கமரா ஆளை விட்டுவிட்டு, பின்னால் உடைகிற வெள்ளை நுரையைப் பிடித்துக்கொண்டது. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் விட்டு, ஆளைத் தொடர்ந்து பிடிக்கிற முறைக்கு மாற்றியதும் கொஞ்சம் பணிந்தது.

பலகை வாடகைக்கு விடுகிற நானா ஒருவர் பிளேன்டீயோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வாற அலைக்கெல்லாம் அமத்துறீங்க. அஞ்சாறு அலை சேர்ந்து வரும், பொறகு கடல் சும்மா கிடக்கும். அப்ப கமராவ இறக்கி வைங்க."

"ஆரு எழும்புவாங்கண்டு எப்பிடித் தெரியும் நானா?"

"அலை உடையத் தொடங்குற இடத்துக்குக் கிட்ட இருக்கிறவனுக்குத்தான் அந்த அலை. அவனப் புடிங்க."

அதன்பிறகு ஆளைத் தேடி அலையவில்லை. ஆனால் வெளிச்சம்? கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடல் பக்கம், நேரே லென்ஸுக்குள். ஆட்கள் கறுப்பு உருவங்களாகத்தான் விழுவார்கள். பின்னேரம் வெயில் நம் முதுகுக்கு வந்துவிடும், ஆனால் கடற்காற்று கிளம்பி அலையைக் குதறிவிடும். காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான்தான் அலையை நிமிர்த்திப் பிடிக்கிறது. (கொறிக்கிற கச்சான், அதாவது நிலக்கடலை, இல்லை. பாணமைப் பாதையில் 'பீநட் ஃபார்ம்' என்றே ஒரு அலைக்கரை இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.) நான் காலையையே எடுத்துக்கொண்டேன். எதிர்வெளிச்சத்தில் அலையின் மெல்லிய விளிம்பு போத்தல் கண்ணாடிப் பச்சையில் ஒரு கணம் ஒளிரும். அதற்காக ஆளின் முகத்தை இழக்கலாம்.

பத்து மணிக்குப் பற்றரி இறங்கியது. லென்ஸில் உப்புப் படலம். பனியன் நுனியால் துடைக்கப்போய் நானாவிடம் ஏச்சு வாங்கினேன். உப்பு கீறிவிடுமாம், முதலில் ஊதவேண்டுமாம்.

640 படங்களில் உருப்படி பதினொன்று. அதில் எனக்குப் பிடித்ததை நானாவிடம் காட்டினேன்: இரண்டு கையையும் விரித்து, சிதறும் நீர்த்துளிகளுக்கு நடுவே ஒருவன், பறவை மாதிரி.

நானா திரையை நிழலுக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இது விழப்போறவன்ட கை, தம்பி."

அடுத்த படத்துக்குத் தள்ளினேன். பலகை மட்டும் இருந்தது.